மேஜர் மேல் ஒரு புகார்

எங்கள் கம்பெனி போன வருஷம் ஒரு மேஜரை வாங்கியது. வேலைக்கு எடுத்தது என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் அவர் வந்து இறங்கிய அன்று நடந்த கூத்தைப் பார்த்தவளுக்கு வாங்கியது என்றுதான் வாயில் வருகிறது. வாசலில் ஆளுயர பேனர். அதில் ராணுவ உடுப்பில் மேஜர், பின்னால் பனிமலை, பனிமலைக்கு மேல் எங்கள் கம்பெனியின் சின்னம். பூச்செண்டு, கேமரா, இரண்டடுக்கு கேக். எங்கள் எம்.டி. நரேஷ் லால்சந்தானி அவர் தோளில் கை போட்டு நின்ற தினுசைப் பார்த்தால், எல்லையில் காவல் இருந்தது இவரோ என்று சந்தேகம் வரும்.

நான் ஷ்யாமளா. பம்பாய் கிங்ஸ் சர்க்கிளில் பஸ் பிடித்து, செம்பூரில் இருக்கும் இந்தக் கம்பெனிக்கு இருபத்தெட்டு வருஷமாக வந்துகொண்டிருக்கிறேன். மளிகைச் சாமான்களைப் பெட்டி கட்டிக் கடைகளுக்கு அனுப்பும் கம்பெனி. கீழே வண்டிகள் நிற்கும் இடம், முதல் மாடியில் சரக்கு, இரண்டாவது மாடியில் பேக்கிங், மூன்றாவதில் ஆபீஸ். ஆபரேஷன்ஸ் ஹெட் என்கிற நாற்காலியில் இதுவரை ஐந்து பேர் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார்கள். ஐந்து பேருக்கும் செக்ரட்டரி நான்தான். போகிறவர்கள் அவர்கள், இருக்கிறவள் நான் என்ற திமிர் எனக்கு உண்டு, அதை மறைக்கும் உத்தேசம் இல்லை.

மேஜரின் பெயர் சுடலைக்கண்ணன். வயது முப்பத்தெட்டு. அப்பா, அம்மா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். இவர் பிறந்து வளர்ந்தது தாராவியில். எம்.டி.யின் நாக்கு 'சுடலை'யிலேயே தடுக்கி விழுந்ததால் முதல் நாளே அவரை 'மேஜர் எஸ்கே' ஆக்கிவிட்டார். இடது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். பேன்ட் போட்டு நடந்தால், தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒப்பந்தம் இதுதான். ஆறு மாதம் பயிற்சிக் காலம். அது முடிந்ததும் ஆபரேஷன்ஸ் ஹெட். அதுவரை அந்த நாற்காலியை எம்.டி.யின் மச்சான் விக்கி 'தற்காலிகமாக' பார்த்துக்கொள்வார். விக்கியின் தற்காலிகத்துக்கு அப்போதே இரண்டு வயது ஆகியிருந்தது.

ஆறு மாதத்தில் மேஜருக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள்? மேடை ஏறப் பயிற்சி. பள்ளிக்கூட ஆண்டு விழா, ரோட்டரி கூட்டம், மாரத்தான் தொடக்கம், யாரோ ஒருவரின் புது நகைக்கடை. நான் கணக்கு வைத்திருந்தேன்: முப்பத்தோரு மேடை. ஒவ்வொரு மேடையிலும் எம்.டி. முதலில் பேசுவார். பதினோரு தீவிரவாதிகளை எதிர்த்துத் தனியாளாக நின்று காலைக் கொடுத்தவர் இவர் என்பார். பதினோரு பேர் மார்ச்சில் பதினான்கு பேராகிவிட்டார்கள்.

அணுசக்தி நகரில் ஒரு விழா முடிந்து காரில் திரும்பும்போது நான் கேட்டே விட்டேன். "மேஜர் சார், நெஜமா எத்தனை பேர்?"

"யாருமே இல்ல மேடம்" என்றார். "எல்லை போஸ்ட்ல தண்ணிக் கொழாய் ஒழுகுச்சு. காலைல எந்திரிச்சு, எங்கன ஒழுகுதுன்னு பாக்கப் போனேன். பழைய கண்ணிவெடி. மழையில நவுந்து வந்து கெடந்திருக்கு."

"இத எம்.டி. கிட்ட சொல்லலயா?"

"மூணு தடவ சொல்லிட்டேன். கொழாய் வேண்டாம், கேக்கதுக்கு நல்லாருக்காதுங்காரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "ஆஸ்பத்திரியில பத்து மாசம் கெடந்தேன் மேடம். வந்தவங்க எல்லாரும் கும்பிட்டாங்க. ஒருத்தர்கூட ஒரு வேலை சொல்லல. இங்க வந்து ஆறு மாசம் ஆகப்போகுது, இங்கயும் அதேதான். ஒரு லாரியக்கூட இன்னும் நான் அனுப்பல. அந்த நாற்காலி எனக்குக் கெடைக்கலன்னா நான் கண்காட்சிச் சாமான்தான்."

அதுவரை அவரை எனக்குப் பெரிதாகப் பிடிக்காது. காலை எட்டரைக்கு வந்து நிற்பார், பேனாவை நேராக வைப்பார், எல்லாரையும் ஜி போட்டுக் கூப்பிடுவார்; இப்படிப்பட்ட ஒழுங்கு எனக்கு எரிச்சல். அன்று மாலை செம்பூர் வரும்வரை எம்.டி.யை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

விழா இல்லாத நாட்களில் மனிதர் சும்மா இருக்கமாட்டார். மாடி மாடியாகப் போய் எல்லாரிடமும் நலம் விசாரிப்பார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஒன்றே ஒன்றுதான், சரக்குக்கும் ஆளுக்கும் சேர்த்து. ஆனால் மேஜர் எந்த மாடியில் எப்போது போய் நின்றாலும் அது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். "பம்பாய்ல லிஃப்ட் இவ்வளவு நல்லா ஓடி நான் பாத்ததே இல்ல மேடம்" என்று பாராட்டுவார். நான் வாயைத் திறக்கமாட்டேன். ஏனென்றால் எம்.டி. சொல்லி, வாட்ச்மேனுக்கு அந்தக் கடிதத்தை டைப் செய்தவளே நான்தான்: மேஜர் எந்த மாடியில் இருக்கிறாரோ, லிஃப்டை அதே மாடியில் நிறுத்தி வைக்கவும். அப்படியென்றால் சரக்கு எப்படி இறங்கும் என்று நான் யோசிக்கவில்லை. என் முழங்கால் வலிக்கு அந்த ஏற்பாடு சுகமாக இருந்தது, அதை மட்டும் யோசித்தேன்.

ஆறாவது மாதம் மேஜர் ஒரு யோசனையோடு வந்தார். படையில் மாதம் ஒரு முறை சைனிக் சம்மேளன் என்று ஒரு கூட்டம் உண்டாம். அதிகாரி முன்னால் எல்லாச் சிப்பாய்களும் உட்காருவார்களாம். 'கோயி பாயின்ட்?' என்று அதிகாரி கேட்பாராம். யாருக்குக் குறை இருந்தாலும் எழுந்து சொல்லலாமாம்.

"சொல்லிட்டா?"

"மேடையில இருந்தே பதில் சொல்லணும் மேடம். யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள்ள. அதை எழுதி அன்னைக்கு சாயங்காலமே போர்டுல ஒட்டிரணும்."

"யாராவது எழுந்து சொல்லுவாளா?"

"சேச்சே" என்றார் மேஜர், ரொம்ப நிம்மதியாக. "பதிமூணு வருஷத்துல நாலு பாயின்ட் வந்திருந்தா அதிசயம். 'நோ பாயின்ட், சாப்'னு கோரஸா சொல்லுவாங்க. பெறகு டீ, சமோசா. ஆனா கேட்டோம்ல, அது முக்கியம்."

எம்.டி.க்கு இந்த யோசனை தேன். தொழிலாளிகளோடு முதலாளி, நடுவில் மேஜர், மூன்று கேமரா. உடனே தேதி குறித்தார்: சனிக்கிழமை மூன்று மணி, கீழ்த்தளத்தில். அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை, கதவைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டு இன்னொரு கடிதம் டைப் செய்யச் சொன்னார். திங்கட்கிழமைத் தேதி போட்டு, மேஜருக்கு. பயிற்சிக் காலம் வெற்றிகரமாக முடிந்தது. இன்று முதல் அவர் எங்கள் சீஃப் இன்ஸ்பிரேஷன் ஆபீசர். தனி அறை, கார், முழுச் சம்பளம். ஆபரேஷன்ஸை விக்கி நிரந்தரமாகப் பார்த்துக்கொள்வார்.

"அவருக்குப் பிடிக்கும் இல்லையா?" என்று எம்.டி. கேட்டார். அவர் இந்தியில் கேட்டார். அவர் பேசுவதை எல்லாம் இங்கே நான் தமிழில் தருகிறேன்.

"ரொம்ப" என்றேன். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு ரகசியத்தையும் நான் வெளியே சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை கீழ்த்தளத்தில் இருநூறு பேர் தரையில் உட்கார்ந்தார்கள். மேடையில் எம்.டி., விக்கி, மேஜர். ஓரமாக ஒரு மேசை போட்டு, குறிப்பு எழுத நான். சமோசா முதலிலேயே கொடுத்தாகிவிட்டது. எம்.டி. பதினான்கு தீவிரவாதிகள் பற்றிப் பேசி முடித்தார். மேஜர் எழுந்து நின்று, மார்பை நிமிர்த்தி, கணீரென்று கேட்டார்: "கோயி பாயின்ட்?"

முப்பது கை மேலே போயிற்று.

மேஜரின் முகத்தை நான் அன்று பார்த்த மாதிரி அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மெல்ல என் பக்கம் குனிந்தார். "மேடம், இது வழக்கத்துலயே இல்லியே."

"வழக்கத்தை அவாளுக்கு யாரும் சொல்லலயோ என்னவோ" என்றேன்.

"சுபேதார் சாப்" என்று முணுமுணுத்தார் மேஜர். "முந்தின வாரமே சுபேதார் சாப் ஒவ்வொருத்தனா கூப்பிட்டு எல்லாக் கொறையையும் தீத்து வச்சிருவாரு. அதான் கூட்டத்துல ஒண்ணும் வராது. இங்க சுபேதாரே கெடையாதே. எனக்கு எப்படி இது தோணாமப் போச்சு?"

தோன்றி என்ன பயன், முதல் ஆள் எழுந்துவிட்டார். லோடிங் மேஸ்திரி இசக்கிதுரை. தாராவிக்காரர், ஐம்பது வயது, மேஜரின் அப்பாவுக்குப் பக்கத்து வீடு. ஆபீசில் மேஜரை 'சாப்' என்பார், மறந்தால் 'ஏ சொடலை' என்பார்.

"சாப், வாசல்ல வெரல் வைக்க மெசின் வச்சிருக்கீயள்லா. பெட்டி தூக்கித் தூக்கி எங்க வெரல்ல ரேகையே தேஞ்சு போச்சு. எட்டு மணிக்கு வந்து வெரல வச்சா, நீ யாருன்னே தெரியலங்கு. ஒம்பது மணி வரைக்கும் தொடச்சுத் தொடச்சு வைக்கோம். லேட்டுன்னு எழுதிருதான். முன்னால நிக்குத மனுசன இல்லன்னு சொல்லுத மெசினுக்கு என்ன மருவாதி?"

கூட்டம் கைதட்டியது. எம்.டி. தாராளமாகக் கையசைத்து, "குறித்துக்கொள்ளுங்கள், ஷ்யாமளாஜி" என்றார்.

மேஜர் தொண்டையைச் செருமினார். வழக்கம் பிசகினாலும் கூட்டம் கூட்டம்தான் என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. "சார், யார் பொறுப்பு, எந்தத் தேதின்னு இப்பவே சொல்லணும். அதான் வழக்கம்."

எம்.டி. விக்கியைப் பார்த்தார். விக்கி போனைப் பார்த்தார். "சரி, என் பெயரையே போடுங்கள்" என்றார் எம்.டி., கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. நான் எழுதினேன். எழுதியதை உரக்க வாசித்தேன்: "பாயின்ட் ஒன்று. பொறுப்பு, எம்.டி. பத்து நாள்."

அடுத்து பேக்கிங்கில் இருக்கும் கலைச்செல்வி. இரண்டாவது மாடிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. எட்டு மாதமாக இல்லை. உள்ளே இருக்கிறவர்கள் ஆள் இருக்கிறது என்று வெளியே தெரிவதற்காகப் பாட்டுப் பாடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. "எனக்குப் பாட்டே வராது சார், நான் வாய்ப்பாடு சொல்லுதேன். போன வாரம் பதினாறாம் வாய்ப்பாட்டுல மறந்து நின்னுட்டேன், ஒருத்தி தொறந்துட்டா." எழுதினேன். வாசித்தேன். பொறுப்பு, எம்.டி.

மூன்றாவதாக ஒரு டிரைவர். கட்டடத்துக்குக் கீழே நிழலாக இருப்பது ஒரே ஒரு வண்டி நிறுத்தும் இடம். அதில் விக்கி சாபின் கார் காலையிலிருந்து நிற்கிறது. சரக்கு வண்டிகள் வெயிலிலும் மழையிலும் நின்று பெட்டி ஏற்றுகின்றன. இது வரும்போதே விக்கிக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது. காதில் வைத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. போன் ஒலித்ததை நான் கேட்கவில்லை என்பதையும் எழுதியிருப்பேன், இடம் போதவில்லை. பொறுப்பு, எம்.டி.

இப்படியே போயிற்று. இந்தி, மராத்தி, தமிழ், நடுநடுவே எல்லாம் சேர்ந்த ஒரு பாஷை. ஒவ்வொன்றுக்கும் நான் வாசிப்பேன், ஒவ்வொன்றின் முடிவிலும் எம்.டி. பெயர் வரும். முதல் மூன்றுக்குச் சிரித்தவர் எட்டாவதில் கைக்குட்டையை எடுத்தார். பன்னிரண்டாவதில் கேமராக்காரரைப் பார்த்துப் போதும் என்று சைகை காட்டினார். கேமராக்காரர் அதைக் கிட்டே வந்து எடு என்று புரிந்துகொண்டார்.

பதினான்காவதாக எழுந்தவர் அக்தர் பானு. பேக்கிங் பகுதிக்குப் பொறுப்பாளர், அவரும் தாராவிதான். அவர் எழுந்தால் பேக்கிங் மாடியே நிமிர்ந்து உட்காரும்.

"மேஜர் சாப், இது ஒங்க மேல. சொல்லலாமா?"

மேஜர் நேராக நின்றார். "சொல்லுங்க."

"ஆறு மாசமா லிஃப்டு ஒங்களுக்காண்டி நிக்கி. நீங்க மூணாவது மாடியில இருந்தா அதுவும் அங்கன நிக்கி, எங்க மாடிக்கு வந்து சொகமா இருக்கீங்களான்னு கேட்டா, கேட்டு முடிக்க வரைக்கும் எங்க மாடியில நிக்கி. நாங்க கட்டுன பெட்டிய எல்லாம் பயலுவ படியில தூக்கிட்டு எறங்குதானுவ. ஒரு நாளைக்கு எண்ணூறு பெட்டி. வண்டி லேட்டு, திட்டு எங்களுக்கு. நீங்க நல்ல மனுசர்தான், நான் இல்லங்கல. ஆனா சாப், நீங்க விழாவுக்கு வெளிய போற நாளுதான் எங்களுக்குப் பெருநாளு."

என் பேனா நின்றுவிட்டது. அந்தக் கடிதத்தின் ஒவ்வொரு எழுத்தையும் தட்டிய விரல்கள் இவை. எங்காவது ஓடிப்போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

எம்.டி.தான் முதலில் பேசினார், கொதித்துப் போய். "என்ன பேச்சு இது! நாட்டுக்காகக் காலைக் கொடுத்தவரைப் பார்த்து..."

"சார்" என்று மேஜர் கையை உயர்த்தினார். "பாயின்ட் என் மேல. பதில் நான் சொல்லணும்." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அவர் காதெல்லாம் சிவந்திருந்தது. "பானு அக்கா, எனக்குத் தெரியாது. ஆனா தெரிஞ்சிருக்கணும். தெனமும் வந்து சொகமான்னு கேட்டனே தவிர, படியில யாரு ஏறுதா எறங்குதான்னு பாக்கல. தப்பு என்னுதுதான். இந்த நிமிசத்துல இருந்து லிஃப்டு சரக்குக்கு. நான் படியில வாரேன். எழுதுங்க மேடம்: பொறுப்பு சுடலைக்கண்ணன், தேதி இன்னைக்கு."

எழுதினேன். கைதட்டல் எதுவும் இல்லை. அக்தர் பானு "சரி சாப்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். மேஜர் என்னைப் பார்த்தார். மனிதர் மேல் இருநூறு பேர் முன்னால் குற்றம் சாட்டியிருக்கிறார்கள், முகத்தில் என்னவோ சம்பள உயர்வு கிடைத்த மாதிரி ஒரு களை.

அதற்குப் பிறகு அணை உடைந்துவிட்டது. மேஜர் மேலேயே சொல்லலாம் என்றால் வேறு யாருக்குப் பயம்? இருபத்திரண்டு வரை போயிற்று. இருபத்து மூன்றாவதாக இசக்கிதுரை மறுபடியும் எழுந்தார்.

"எம்.டி. சாப், எல்லாத்துக்கும் ஒங்க பேருதான் எழுதியாச்சு. சந்தோசம். ஆனா நீங்க ரெண்டாவது மாடிக்கே வந்தது கெடையாது. பத்து நாள் கழிச்சு நாங்க யாருகிட்ட போயி நிக்க? ஒங்க ரூமுக்கு எரநூறு பேரும் வரலாமா?" தமிழில் சொன்னதை இந்தியிலும் சொன்னார், யாரும் தப்பிக்க முடியாதபடி.

"வரலாமா?" என்று கூட்டம் கேட்டது.

எம்.டி. எழுந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெளியே போக ஒரே வழி, அதுவும் இருநூறு பேருக்கு நடுவில். நாலாபுறமும் பார்த்தார். கடைசியில் மேஜரின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"என்னிடம் எதற்கு வருகிறீர்கள்? இதோ! இன்று முதல், இந்த நிமிஷம் முதல், ஆபரேஷன்ஸ் முழுக்க மேஜர்தான். விக்கி இல்லை, நான் இல்லை. இருபத்து மூன்று பாயின்டுக்கும் இவரிடம் கேளுங்கள். பவர் பூரா இவருக்கு!"

ஆரவாரம் அடங்குவதற்குள் அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். கூட்டக் குறிப்பை நான் எப்போதுமே மூன்று நாள் ஊறப்போடுவேன். எம்.டி. படித்து, பிடிக்காததை அடித்து, நடக்காததைச் சேர்த்து, அப்புறம்தான் அது வெளியே போகும். இருபத்தெட்டு வருஷமாக இந்தக் கம்பெனியில் நடந்த கூட்டங்கள் வேறு, என் ஃபைலில் இருக்கும் கூட்டங்கள் வேறு. ஆனால் இது மேஜரின் கூட்டம். அதற்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது, அன்று சாயங்காலமே ஒட்டிவிட வேண்டும் என்று. வழக்கத்தை மீற நான் யார்? நாலரைக்கு உட்கார்ந்து, மூன்று மொழியில் டைப் அடித்து, எம்.டி. சொன்ன கடைசி வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் போட்டேன். ஐந்தே முக்காலுக்கு நாலு தளத்திலும் போர்டில் ஒட்டினேன். படம் எடுத்துக் கம்பெனி வாட்ஸப் குழுவில் போட்டேன். பிறகு பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை எம்.டி. அறையில் மேஜரும் நானும் நின்றோம். மேசையில் அந்தக் கடிதம். சீஃப் இன்ஸ்பிரேஷன் ஆபீசர்.

மேஜர் அதைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். "இதுல வேலை என்ன சார்?"

"வேலையா? நீங்கள் இருப்பதே போதும்" என்றார் எம்.டி. "சனிக்கிழமை நான் ஏதோ உணர்ச்சி வசத்தில் சொன்னேன். அதெல்லாம் காற்றோடு போகட்டும்."

மேஜர் கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்தார். குரல் சற்று இறங்கியிருந்தது. "அப்ப எனக்கு வேண்டாம் சார். நான் கெளம்புதேன்." அவருக்கு வேறு வேலை எதுவும் காத்திருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

எம்.டி. என் பக்கம் திரும்பினார். "ஷ்யாமளாஜி, போர்டில் ஒட்டியதை யாரைக் கேட்டு ஒட்டினீர்கள்? உடனே கிழித்துவிடுங்கள்."

"கிழிச்சுடலாம் சார்" என்றேன். "அஞ்சு நிமிஷ வேலை. ஆனா கடைசி வரியைக் கிழிச்சா மேல இருக்கற எல்லாம் பழையபடி உங்க பேருக்கு வந்துடும். லிஃப்டைத் தவிர இருபத்திரண்டு. இன்னிக்குக் காலம்பறலேர்ந்து எட்டு பேர் கேட்டாச்சு, யார் கிட்ட போகணும்னு. நான் மேஜரைக் காட்டிண்டு இருக்கேன். உங்க ரூமைக் காட்டட்டுமா?"

எம்.டி. என்னையே பார்த்தார். கதவுக்கு வெளியே ஆள் நடமாடும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளும் பாட்டும் விரல் ரேகையும் அவர் கண்முன்னால் வரிசையில் வந்து நிற்பது எனக்கே தெரிந்தது. கடிதத்தை எடுத்தார். நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"விக்கியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றார் என்னிடம். சொன்னேன். இவ்வளவு சந்தோஷமாக ஒரு துக்கச் செய்தியை நான் யாருக்கும் சொன்னதில்லை.

மறுநாள் காலை புது ஆபரேஷன்ஸ் ஹெட் தன் முதல் நாள் வேலைக்குப் படியேறினார். லிஃப்ட் பெட்டிகளோடு எங்களைத் தாண்டிக் கீழே போயிற்று, மேலே வந்தது, மறுபடி கீழே போயிற்று. அவர் ஏறுகிறார் என்பதற்காக நானும் ஏற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ஏறினேன், வழியெல்லாம் புலம்பிக்கொண்டே. முதல் மாடியில் அவர் ஒரு நிமிஷம் நின்றார். செயற்கைக் கால் பொருந்தும் இடத்தில் வலித்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டார்.

இரண்டாவது மாடிக்கு வந்து சேர்ந்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது. நாற்பது பெண்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் எழுந்து நிற்கவில்லை. அக்தர் பானு மட்டும் ஒரு கத்தைத் தாளோடு விறுவிறுவென்று வந்தார்.

"எங்க சாப் போயிட்டீங்க? கையெழுத்துக்காண்டி ரெண்டு வண்டி பத்து நிமிசமா நிக்கி. படியில வாரதுன்னா வீட்டுலருந்து கொஞ்சம் வெள்ளன கெளம்பணும். இப்படி நடுவழியில நின்னு நின்னு வந்தா யாவாரம் ஓடுமா?"

"சாரி பானு அக்கா. நாளைலருந்து வெள்ளன வந்துருதேன்" என்று மேஜர் தாள்களை வாங்கி, சுவரில் வைத்து, ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டார். பானு அதைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார், ஒரு நன்றிகூடச் சொல்லாமல்.

மேஜர் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, வாயெல்லாம் சிரிப்பு.

"கேட்டீங்களா மேடம்? திட்டுதாங்க."

கேட்டேன் என்று தலையை ஆட்டினேன். எனக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.